அரம் போட்ட குறி

"துப்பாக்கி கீழ எறக்குது, தாயி" என்றார் நல்லுச்சாமி.

சோலையம்மாள் பாயில் மிளகைப் பரப்பிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எவ்வளவு எறக்குது?"

"ஒரு சாண். அறுபது கெஜத்துல குண்டு ஒரு சாண் கீழ போகுது."

"எப்பலேருந்து?"

"நேத்து சாயங்காலத்துலேருந்து."

நேற்றுக் காலை வரை அதைப் போல் நேராகச் சுடும் துப்பாக்கி இந்த மலையில் வேறெதுவும் இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவர் அவர்தான். சோலையம்மாள் அதை எடுத்துக் காட்டவில்லை. மிளகைக் கையால் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"உள்ள வாங்கண்ணே. காப்பி குடிங்க."

"காப்பி வேண்டாம், தாயி. துப்பாக்கியைப் பாருங்க."

காலைக் காப்பி வேண்டாம் என்று நல்லுச்சாமி சொல்லி மஞ்சம்பாறையில் யாரும் கேட்டதில்லை.

வேட்டைக்கு லைசென்ஸ் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. மஞ்சம்பாறையில் ஆரஞ்சும் மிளகும் காப்பியும் வைத்திருந்தவர்கள் தோட்டத்தை அழிக்கிற காட்டுப்பன்றிக்காகத் துப்பாக்கியும் வைத்திருந்தார்கள். பெரும்பாலும் இரட்டைக்குழல். நல்லுச்சாமியிடம் இருந்தது வேறு ஜாதி. ஊரைக் காலி செய்துகொண்டு சீமைக்குப் போன ஒரு தோட்டத்துத் துரையிடம் வாங்கியது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு தோட்டாதான் கொள்ளும். விசைக்குக் கீழே வளையமாக ஒரு பிடி. அதைக் கீழே தள்ளினால் உள்ளே ஒரு இரும்புக் கட்டை இறங்கி வாய் திறக்கும். காலித் தோட்டா துள்ளி வெளியே விழும். புதிய தோட்டாவை விரலால் வைத்துப் பிடியைத் தூக்கினால் பூட்டிக்கொள்ளும். அந்தப் பூட்டுகிற சத்தத்துக்காகவே நல்லுச்சாமி தோட்டா இல்லாமலும் திறந்து திறந்து மூடுவார்.

"மூத்த பொண்ணுக்கு இப்படித் தலை சீவி விட்டிருப்பீங்களா?" என்று அவர் துப்பாக்கிக்கு எண்ணெய் போடும்போதெல்லாம் மனைவி கேட்பாள். அவர் காதில் வாங்கமாட்டார்.

"ஒரு குண்டு போதும். ரெண்டாவது குண்டு வச்சிருக்கிறவன் மொதக் குண்டை ஒழுங்காச் சுடமாட்டான்" என்பார். இது அவருடைய சொந்தச் சரக்கு இல்லை. சோலையம்மாள் எப்போதோ சொன்னது.

சோலையம்மாளிடமும் அதே வகைத் துப்பாக்கி ஒன்று இருந்தது. புருஷன் இறந்த வருஷம், இருக்கிற நிலத்தை விற்றுவிட்டு அடிவாரத்துக்குப் போகச் சொன்னார்கள். அவள் போகவில்லை. லைசென்ஸைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டு சுடப் பழகினாள். இப்போது சுற்றுவட்டத்தில் துப்பாக்கி வைத்திருக்கிற ஆண்களுக்கெல்லாம் அவள்தான் வாத்தியார். நல்லுச்சாமி அவளைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் வெற்றிலை பாக்கு வைத்து, கைகட்டி நின்றுதான் கேட்டார்.

"எனக்குச் சுடச் சொல்லித் தாங்க, தாயி."

அவள் அவருடைய தோட்டாப் பெட்டியை வாங்கி உள்ளே வைத்துப் பூட்டினாள்.

"போய்ப் பன்னியைப் பாத்துட்டு வாங்க" என்றாள்.

ஒரு காய்ப்புப் பருவம் முழுவதும் நல்லுச்சாமி வெறும் துப்பாக்கியோடு தோட்டத்து ஓரத்தில் உட்கார்ந்து, பன்றி ஆரஞ்சு தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊர் சிரித்தது. மனைவியும் சிரித்தாள். ஆனால் பன்றி எப்போது தலை தூக்கும், எப்போது திரும்பும், எந்தச் சத்தத்துக்கு நிற்கும், எதற்கு ஓடும் எல்லாம் அவருக்கு அத்துப்படியாகிவிட்டது. அதன் பிறகு பெட்டி திரும்பக் கிடைத்தது.

அவளிடம் பாடம் என்பது அவ்வளவுதான். கேட்டால் பதில் வரும். அதுவும் பாதி வரும்.

மஞ்சம்பாறையில் ஒரு கட்டுப்பாடு உண்டு.

பன்றி மேல் துப்பாக்கி வெடித்தால் அந்தப் பக்கத்து வழி மூடிக்கொள்ளும். ஆடு மேய்க்கிறவர்கள், தண்ணீருக்குப் போகிறவர்கள் எல்லாரும் நின்ற இடத்தில் நிற்பார்கள். சுட்டவர் மேட்டில் ஏறிக் குரல் கொடுத்த பிறகுதான் வழி திறக்கும்.

"விழுந்துருச்சு" என்றால் கத்தியும் கூடையுமாக ஓடி வருவார்கள்.

"தவறிருச்சு" என்றால் அவரவர் வேலையைப் பார்க்கப் போவார்கள்.

"பட்டுருச்சு" என்றால் மட்டும் யாரும் அசையக் கூடாது. பட்டும் விழாத பன்றியைச் சுட்டவரே உள்ளே போய் முடிக்க வேண்டும். வேறு ஆளை அனுப்பக் கூடாது. நாயைக்கூட அனுப்பக் கூடாது.

மற்ற ஊர்களில் வேட்டைக்குப் போகிறவர்கள் படாத குண்டைப் பட்டதாகச் சொல்லிப் பீற்றிக்கொள்வார்கள். மஞ்சம்பாறைக்காரர்கள் அந்தப் பொய்யைச் சொல்லவே மாட்டார்கள். அவர்களுடைய பொய் வேறு.

நேற்றுச் சாயங்காலம் முள்ளும் பூவுமாக உண்ணிச்செடி மண்டிக் கிடந்த ஓடையோரத்து உண்ணிக்காட்டிலிருந்து ஒரு பெரிய ஆண் பன்றி வெளியே வந்தது. வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. நல்லுச்சாமி கொஞ்சம் பொறுத்திருந்தால் அது இன்னும் கிட்டே வந்திருக்கும். அவர் பொறுக்கவில்லை. சுட்டார்.

ஈர மூட்டையை அடித்தாற்போல் ஒரு சத்தம் கேட்டது. பன்றி முதுகைக் கூனிக்கொண்டது. பிறகு உண்ணிக்காட்டுக்குள் புகுந்துவிட்டது. அவர் பிடியைத் தள்ளி, காலித் தோட்டாவை விழவிட்டு, அடுத்ததைச் சட்டைப் பையில் துழாவுவதற்குள் செடி அசைவதும் நின்றுபோயிற்று.

முதுகைக் கூனினால் வயிற்றில் பட்டிருக்கிறது என்று அர்த்தம். அவருக்கு அது நன்றாகத் தெரியும்.

மேட்டில் ஏறினார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே உண்ணிக்காட்டுக்குள் போன மச்சான் செல்லாண்டியை நாலு பேர் கட்டிலில் வைத்துத் தூக்கி வந்தது கண் முன்னால் வந்தது. பன்றியின் கோரைப்பல் முழங்காலிலிருந்து இடுப்பு வரை பிளந்திருந்தது. செல்லாண்டி பிழைத்துக்கொண்டார். கல்யாண வீட்டுப் பந்தியில் இன்றும் அவருக்கு மட்டும் நாற்காலி போடுகிறார்கள்.

நல்லுச்சாமிக்குப் பயம். வேறு ஒன்றும் இல்லை, வெறும் பயம்.

"தவறிருச்சு" என்று குரல் கொடுத்தார். வழி திறந்துகொண்டது.

ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. அறுபது கெஜத்தில் அவர் குறி தவறினார் என்றால் ஊர் நம்பாது. துப்பாக்கி கெட்டுப்போயிற்று என்று சோலையம்மாள் வாயால் வந்துவிட்டால் நம்பும். அதற்காகத்தான் விடிந்ததும் காப்பிகூடக் குடிக்காமல் வந்து நிற்கிறார். அதற்குள் பன்றி தானாகச் செத்துவிடும் என்றும் ஒரு நினைப்பு. சாகாவிட்டால் என்ன ஆகும் என்பதை அவர் நினைக்காமல் இருக்கப் பார்த்தார். முடியவில்லை. அந்த உண்ணிக்காட்டை ஒட்டித்தான் ஓடைக்கு வழி.

சோலையம்மாள் துப்பாக்கியை வாங்கினாள். பிடியைத் தள்ளித் திறந்து, குழல் வழியாக வானத்தைப் பார்த்தாள்.

"குழல் சுத்தமா இருக்கு."

குழலின் நுனியில் நிற்கிற சின்ன இரும்புக் குறியைக் கட்டைவிரலால் அசைத்தாள்.

"நுனிக்குறியும் ஆடல. தோட்டா?"

"அதே பெட்டிதான்."

"கண்ணு?"

"கண்ணுல ஒண்ணும் இல்ல."

"கை?"

"கையும் நல்லாத்தான் இருக்கு."

"அப்ப துப்பாக்கிதான்."

"துப்பாக்கியேதான், தாயி."

சுட்டுப் பார்க்கலாம் என்று அவள் சொல்லிவிடுவாளோ என்று நல்லுச்சாமி பயந்தார். அவள் ஒரு தரம் சுட்டால் போதும், குட்டு வெளிப்பட்டுவிடும். அவள் சுடவில்லை.

"நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றாள். உள்ளே போனாள். ஒரு அரத்தோடு வந்தாள்.

"அது எதுக்கு, தாயி?"

"கீழ போற குண்டை மேல கொண்டுவரணும்ல? நுனிக்குறியைத் தேய்ச்சுக் குட்டையாக்கணும். குறி குட்டையானா நீங்க அறியாமலே குழலைக் கொஞ்சம் தூக்கிப் பிடிப்பீங்க. குண்டு மேல போகும்."

அது அவருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அவர் எதிர்பார்த்து வந்தது வேறு. அவள் பார்ப்பாள், தலையை ஆட்டுவாள், பழைய துப்பாக்கி அப்படித்தான் இருக்கும் என்று ஏதாவது சொல்வாள், அதை டீக்கடையில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று வந்திருந்தார். அரத்தை அவர் நினைத்துப் பார்க்கவில்லை.

"தேய்ச்ச இரும்பு திரும்ப வராது, அண்ணே" என்றாள் சோலையம்மாள். "இதுக்கு வேற நுனிக்குறியும் கிடைக்காது. இதைச் செஞ்ச கம்பெனியவே மூடிட்டாங்கன்னு நீங்கதான் சொன்னீங்க."

"ஆமா."

"தேய்க்கட்டுமா?"

நல்லுச்சாமி துப்பாக்கியைப் பார்த்தார். அடிக்கட்டையில் அவர் கன்னம் பட்டுப் பட்டு ஒரு இடம் மட்டும் கருத்து மின்னிக்கொண்டிருந்தது.

"தேயுங்க."

அவள் குழலை இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவில் வைத்துக் கட்டினாள். அரத்தை வைத்தாள். முதல் இழுப்பிலேயே அவருக்குப் பல் கூசியது. கீழே விரித்திருந்த துணியில் இரும்புத் தூள் மெல்ல விழுந்தது.

"ஒரு சாண்தானே, அண்ணே? முக்கால் சாணா இருந்துறப் போகுது. நல்லா நெனச்சுப் பாத்துச் சொல்லுங்க. அளவு தப்பிறக் கூடாது."

"ஒரு சாண்தான்."

"எதை வச்சுச் சொல்றீங்க?"

"அடிவயித்துக்குக் கீழ மண்ணுல போய்ப் பட்டுச்சு. தூசி பறந்துச்சு. பாத்தேன்."

பொய்க்குத் தூசி வரைக்கும் சேர்க்க வேண்டியிருந்தது. அவருக்கே தன் மேல் எரிச்சலாக வந்தது.

அவள் மறுபடி தேய்த்தாள். சும்மா நிற்க முடியாமல் அவர் பேசினார்.

"இந்த ஒத்தைக்குண்டுத் துப்பாக்கி வாங்கினதே தப்போன்னு தோணுது, தாயி. அஞ்சு குண்டு போடுறதா இருந்தா நேத்தே அடுத்தடுத்துப் போட்டு முடிச்சிருக்கலாம்."

"எதை முடிக்கிறது?"

"பன்னியைத்தான்."

"படாத பன்னி ஓடுது. ஓடட்டுமே."

நல்லுச்சாமி துணியில் சேர்ந்த இரும்புத் தூளை விரலால் கூட்டினார்.

தேய்த்து முடித்ததும் அவள் குறியை ஊதித் துடைத்தாள். அறுபது கெஜம் தள்ளி, பட்டுப்போன பலாவின் அடிமரத்தில் சுண்ணாம்பால் ஒரு பொட்டு வைத்திருந்தாள். பாடம் கேட்க வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் சுடுவார்கள்.

"சுடுங்க, அண்ணே. சரியாயிருச்சான்னு பாத்துரலாம்."

நல்லுச்சாமி மண்டியிட்டார். தோட்டாவை வைத்தார். பிடியைத் தூக்கினார். பூட்டுகிற சத்தம் அதேபோல அழகாகத்தான் கேட்டது. கன்னத்தை வைத்து, குட்டையாகிப்போன குறியைப் பொட்டின் மேல் நிறுத்தினார்.

நிறுத்திய பிறகுதான் புரிந்தது. இப்படியே சுட்டால் குண்டு ஒரு சாண் மேலே போகும். நேற்று வரை துப்பாக்கி சரியாகவே இருந்தது என்று அந்த மரம் சொல்லிவிடும்.

மூச்சை இழுத்து விட்டார். குறியைப் பொட்டிலிருந்து ஒரு சாண் கீழே இறக்கினார். வெறும் மரப்பட்டையைக் குறி பார்த்துச் சுட்டார்.

சோலையம்மாள் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"நடுப் பொட்டுல பட்டிருக்கு."

"அப்படியா."

"சரியாயிருச்சு. நீங்க சொன்ன அளவு பிசகல."

அவருடைய பொய் முழுசாகப் பலித்துவிட்டது. இனி ஊரில் யாரும் ஒரு வார்த்தை கேட்க முடியாது. நல்லுச்சாமி துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அழ வேண்டும் போல இருந்தது.

"கிளம்புங்க, நானும் வரேன்" என்றாள் சோலையம்மாள். இடுப்பில் ஒரு கூடையை எடுத்து வைத்துக்கொண்டாள். "ஓடைக்கு அந்தப் பக்கம் என் மிளகுக்கொடி எப்படி இருக்குன்னு பாத்து நாளாச்சு. வழி திறந்துதானே இருக்கு?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"உங்க துப்பாக்கியை எடுத்துக்கலையா, தாயி?"

"எதுக்கு? பன்னி மேல படலையே."

அவள் முன்னால் நடந்தாள். அவர் பின்னால் போனார். அவள் மிளகு விலையைப் பற்றிப் பேசினாள். வரப்போகிற மழையைப் பற்றிப் பேசினாள். அவருடைய மூத்தவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்களே, என்ன ஆயிற்று என்று கேட்டாள். அவர் என்ன பதில் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. உண்ணிப்பூ வாசனை வர ஆரம்பித்திருந்தது.

"மேல் வழியாப் போயிரலாம், தாயி."

"சுத்து வழில்ல அது?"

"இந்தப் பக்கம் பாம்பு கிடக்குன்னாங்க."

"இந்த மலையில பாம்பு எங்கதான் இல்ல?"

அவள் நிற்கவில்லை. வழி சரிந்து உண்ணிக்காட்டை ஒட்டி இறங்கியது. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குச் செடி. சோலையம்மாளின் கூடை ஒரு கிளையில் உரசியது. அந்தக் கிளையின் இலையில் கட்டைவிரல் அளவுக்குக் கருப்பாக ஒன்று காய்ந்து ஒட்டியிருந்ததை நல்லுச்சாமி பார்த்தார்.

அவள் அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். காலில் செருப்பு, இடுப்பில் கூடை, கையில் ஒன்றும் இல்லை. அவர் சொன்ன ஒரு சொல்லை நம்பி நடந்துகொண்டிருந்தாள்.

"நில்லுங்க, தாயி."

அவள் நின்றாள்.

"மெதுவாப் பின்னால வாங்க. திரும்பாதீங்க. அப்படியே வாங்க."

அவள் வந்தாள். அவர் பக்கத்தில் வந்ததும் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"பட்டுருச்சு" என்றார் நல்லுச்சாமி.

"எங்க?"

"வயித்துல."

"துப்பாக்கி?"

"துப்பாக்கி நேராத்தான் இருந்துச்சு. நான்தான் பொறுக்காமச் சுட்டேன். உள்ள போகப் பயந்துக்கிட்டு அப்படிச் சொல்லிட்டேன்." அவளை நிமிர்ந்து பார்த்தார். "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா, தாயி?"

"எனக்குத் துப்பாக்கியைப் பத்தித்தான் தெரியும்."

அவர் ரத்தம் காய்ந்திருந்த அந்த இலையைப் பார்த்தார்.

"இதை என்கிட்டச் சொன்னா வழி மூடுமா?" என்றாள் அவள்.

நல்லுச்சாமி மேட்டில் ஏறினார். நேற்று நின்ற அதே பாறையில் நின்றார். மலை முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

"பட்டுருச்சு."

எதிர்ச் சரிவில் மண்வெட்டிச் சத்தம் நின்றது. ஓடைப் பக்கம் யாரோ ஆட்டை ஓட்டிக்கொண்டிருந்த சத்தமும் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு ஆண் குரல் கேட்டது.

"இந்தப் பக்கம் வெடிச் சத்தமே கேக்கலையே. யாரு குண்டு?"

"என் குண்டு. நல்லுச்சாமி."

"எப்பப் பட்டுச்சு?"

"நேத்து."

மலை முழுக்க அமைதியாகிவிட்டது. அந்த அமைதியில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். எல்லாரையும் முகத்தோடும் பேரோடும் தெரியும். காது மடல் சுட்டது. ஆனால் நேற்றிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்தது இறங்கியது போலவும் இருந்தது.

சோலையம்மாளும் பாறையில் ஏறி வந்தாள். இருவரும் ஓடைக்கு அந்தப் பக்கம் பார்த்தார்கள். அக்கரையில், உண்ணிச்செடி வளைந்து குகை போல் ஆகியிருந்த இடத்தில், கருப்பாக ஒரு மேடு தெரிந்தது. சற்று நேரம் பார்த்தால் அந்த மேடு ஏறி இறங்கியது.

"உசிரோட இருக்கு" என்றார் நல்லுச்சாமி.

"ராத்திரி முழுக்க இருந்திருக்கு."

அவர் தோட்டாவை வைத்துப் பூட்டினார். பாறையில் முழங்கையை ஊன்றிக் குறி பார்த்தார். நேற்று வரை இருந்த துப்பாக்கி என்றால் இங்கிருந்தே முடித்திருப்பார். நல்ல ஊன்று, நல்ல வெளிச்சம், காற்றும் இல்லை. குறியின் தலையில் தேய்த்த இரும்பு பளபளத்தது. துப்பாக்கியை இறக்கினார்.

"ஒரு சாண் மேல போகும்."

"போகும்."

"ஒரு சாண் கீழ புடிச்சுச் சுட்டா? காலையில அப்படித்தான் சுட்டேன், தாயி."

"காலையில சுட்டது மரம். தூரமும் தெரிஞ்ச தூரம். இங்க எத்தனை கெஜம்?"

"அறுபது இருக்கும். எழுபதும் இருக்கலாம்."

"நேத்தும் இப்படித்தானே ஒரு கணக்குப் போட்டீங்க."

இன்னொரு முறை வயிற்றில் போட அவருக்கு மனம் வரவில்லை.

"நீங்க உங்க துப்பாக்கியை எடுத்துட்டு வந்திருக்கலாம்."

"சொல்லியிருந்தா எடுத்துட்டு வந்திருப்பேன்."

"போய் எடுத்துட்டு வந்துரட்டுமா?"

"அது வர்ற வரைக்கும் இது இப்படியே கிடக்கட்டுமா?"

கருப்பு மேடு ஏறி இறங்கியது. காற்று திரும்பியபோது மெல்லிய ஒரு நாற்றம் வந்தது. நல்லுச்சாமி தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினார். செருப்பைக் கழற்றினார்.

"நீங்க இங்கேயே நில்லுங்க, தாயி. கீழ இறங்கிறாதீங்க."

"நிக்கிறேன்."

"இந்தக் குறியை வச்சுக்கிட்டு எப்படிச் சுடுறது?"

சோலையம்மாள் அவர் கையிலிருந்த துப்பாக்கியைப் பார்த்தாள்.

"அறுபது கெஜத்துல ஒரு சாண் தப்பும். முப்பதுல அரைச் சாண். பத்துல ரெண்டு விரல்."

"இன்னும் கிட்டப் போனா?"

"தப்பே தெரியாது."

நல்லுச்சாமி பாறையிலிருந்து இறங்கினார். ஓடைக்குள் கால் வைத்தார். தண்ணீர் சில்லென்று இருந்தது. நடு ஓடையில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"எவ்வளவு கிட்டப் போகணும், தாயி?"

"பன்னி உங்க முகத்தைப் பாக்கிற வரைக்கும்."